முப்பது

ரோஹுகுலா கரையில் என் வேலை எண்ணுவது.
கடல் கெட்டிப்பட்டதும் அதன்மேல் சாலை திறப்போம்.
இங்கே நான் எழுதும் எண்ணிக்கையும்
எதிரே ஹீயுமா தீவில் தாவ்ரி எழுதும் எண்ணிக்கையும்
இருட்டுவதற்குள் ஒத்துப்போக வேண்டும்.
ஒத்துப்போனால் வீட்டுக்குப் போகலாம்.

விதிகள் பலகையில் இருக்கின்றன.
இருந்தாலும் ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்து சொல்வேன்:
பெல்ட்டைக் கழற்றுங்கள்.
முன்வண்டிக்கும் உங்களுக்கும் இருநூற்றைம்பது மீட்டர்.
நிற்காதீர்கள்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள், அல்லது நாற்பதுக்கு மேலே.
நடுவே போனால்
பனிக்கட்டிக்கு அடியில் அலை கிளம்பும்.
கூடவே ஓடிவந்து சாலையை உடைக்கும்.

காலை பத்தரைக்கு விர்வே வந்தாள்.
எங்கள் மொழியில் அவள் பெயருக்குச் சிற்றலை என்று பொருள்.
ஐம்பத்தேழாம் வருடத்துப் போபெதா,
முகப்புக் கம்பிகளுக்குக் குறுக்கே பூப்போட்ட திரைச்சீலை,
பின்சீட்டில் ஒரு தையல் மெஷின்.
"பெல்ட்" என்றேன்.
"இதில் எப்போது இருந்தது, கழற்ற?"

அவளும் நானும் ஒரே தெரு.
ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் வடிப்பாள்.
பேட்டரி சமையலறையில், பூனைக்குப் பக்கத்தில் தூங்கும்.
ஹேண்ட் பிரேக் போடவே மாட்டாள், உறைந்து பிடித்துக்கொள்ளும்;
சக்கரத்துக்கு முட்டாக ஒரு விறகுக்கட்டை.
கதவு ரப்பருக்குக் கிளிசரின் தடவ மறந்த ஒரு வாரம்
டிக்கி வழியாக உள்ளே போய் வந்தாள்.
கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான்
கைப்பிடியைச் சுழற்ற வேண்டும் என்பதை
மணிக்கட்டை முறித்துக்கொண்டு கற்றாள்.
மார்ச்சில் மல்லாந்து படுத்து
உப்புச்சேறு தின்ற இடங்களைச் சுரண்டிக்கொண்டே
யாரையோ திட்டுவாள்.
யாரை என்று தெருவுக்கே தெரியும்.

விவாகரத்தில் வீடு ஹெல்துருக்கு, பைன் காடு அவளுக்கு.
காரை வெட்ட முடியவில்லை,
ஆகவே வருடத்தை வெட்டினார்கள்.
மே முதல் அக்டோபர் வரை அவன்:
மெழுகு, மென்துணி, கல்யாண ஊர்வலம்.
மிச்சம் அவள்.
"ஷெட்டில் போட்டு மூடிவிடேன், ஏப்ரல் வரை" என்று கேட்டிருக்கிறேன்.
"மூடி வைத்தால் இந்த ஆறு மாதம் அது யாருடைய கார்?"

அந்த வண்டிக்குப் பிடித்த வேகம் முப்பது.
இருபதில் முனகும், நாற்பத்தைந்தில்
கண்ணாடிகளெல்லாம் பல் கடிக்கும்.
நாற்பத்தைந்தில்தான் போனாள். பார்த்துக்கொண்டிருந்தேன்,
புகை மட்டும் தெரிகிறவரை,
பிறகு புகையும்.

நாலே முக்காலுக்கு இருட்டு.
நான்: நாற்பத்தொன்று.
தாவ்ரி: நாற்பது.
திரும்ப எண்ணினோம். நாற்பத்தொன்று, நாற்பது.
விட்டுப்போனது எந்த வண்டி என்று
நான் கேட்கவில்லை, பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்,
உளுந்தளவு, உறைந்து அடைத்துவிட்டது.
பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டாள்.
அவசரத்துக்கு அழைக்க எங்கள் எண்
பலகையில் என் உயரத்துக்கு எழுதியிருக்கிறது.
அவள் அழைத்தது ஹெல்துரை.

"அவன் இங்கிருந்து உள்ளே போனான்" என்றான் தாவ்ரி.
"வெந்நீர்ப் பை, மண்ணெண்ணெய் விளக்கு, கம்பளி.
ஒரு மணி நேரம் என்ன செய்தார்களோ. இப்போதுதான் வருகிறார்கள்.
கயிற்றில் கட்டி வருவதை
ஒன்று என்று எழுதவா, இரண்டு என்றா?"

இரண்டு வண்டிக்கு நடுவே இருநூற்றைம்பது மீட்டர்.
அவ்வளவு நீளக் கயிறு இந்தக் கடலின் இரு கரையிலும்
யார் வீட்டிலும் கிடையாது.
"கயிறு எத்தனை மீட்டர்?"
"ஒன்பது இருக்கும்."
"ஸ்டியரிங்கில் யார்?"
"முன்னால் அவன். பின்னால் அவள், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு."
"என்ன வேகத்தில் வருகிறார்கள்?"
தாவ்ரி சற்று நேரம் பேசவில்லை.
காற்றுதான் கேட்டது, அதற்குள் ஏதோ ஒரு பழைய எஞ்சின்,
இழுபடுகிற வண்டிக்கு எஞ்சின் சத்தம் எதற்கு என்று
நான் யோசிக்குமுன்,
"முப்பது" என்றான்.

நாற்பத்தொன்று என்று எழுதி மூடினேன்.
வேகத்துக்கு எங்கள் நோட்டில் கட்டம் இல்லை.